அவரவர் பேரில் உள்ளே

அக்கம்பக்கத்தில் யாராவது "மக என்ன வேலை பாக்குது?" என்று கேட்டால் அம்மா சொல்லும் பதில் இது: "கொழும்புல ஒரு பேங்குல பெரிய மெசினு இருக்காம். அதத் தொறக்குற சாவிய யாரு யாருக்குக் குடுக்கலாம்னு இவதான் பாத்துச் சொல்றா." கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இதைவிடத் தெளிவாகச் சொல்ல நானும் முயன்று பார்த்தேன், வரவில்லை.

அந்த மெசினுக்கு மெயின்ஃபிரேம் என்று பெயர். குளிரூட்டிய அறையில், ஆள் உயர இரும்பு அலமாரி போல நிற்கும். வெளியே பார்த்தால் ஒன்று, உள்ளே பல. கிளைகளின் கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு பகுதி, கார்டுகளுக்கு ஒரு பகுதி, புதிய புரோகிராம்களைச் சோதித்துப் பார்க்க ஒரு பகுதி. ஒரே கூரை, அறை அறையாகத் தனித்தனிக் காம்பரா. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த எனக்கு இதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் பிடிக்கவில்லை. இந்தப் பகுதிகளை எழுப்பவும் நிறுத்தவும் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பியூட்டர் இருக்கிறது. அதைக் கன்சோல் என்போம். அதற்குள் அனுமதியோடு போகிற ஆள் அறைக்குள்ளேதான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றில்லை. எவ்வளவு தூரத்திலிருந்தும் போகலாம். நான் மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலே, எங்கள் லயத்தின் கடைசி வீட்டுக்குப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டிய ஒரு காம்பராவிலிருந்து போகிறேன். பெட்ரோல் இல்லாத காலத்தில் எங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் திரும்பிப் போனார்கள். அம்மாவைத் தனியே விட மனமில்லாமல் நான் கேட்டு வாங்கிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். அவசியம் வரும்போது மட்டும் பஸ் ஏறுவேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கன்சோலுக்கு ஒரே ஒரு பேர்தான். பாஸ்வேர்டும் ஒன்றுதான். அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டியிருந்தார்கள். காலையில் வருபவரும் மாலையில் வருபவரும், தொலைவிலிருந்து நுழையும் பொறியியலாளர்களும் எல்லாரும் அந்த ஒரே பேரில்தான் உள்ளே போவோம். அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. வேலை நடந்தது.

அந்த அறையில் என்னோடு இருந்தவர் கொத்மலைப் பக்கத்துச் சிங்களக்காரர். நீர்த்தேக்கத்துக்கு மேலே உள்ள கிராமம். நிதானமான மனிதர். எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் தொடுவார். எங்கள் பேச்சு சிங்களத்தில். அவர் என்னை "நங்கி" என்பார். நான் அவரை "அய்யே" என்பேன். சிங்களத்தில் நங்கி தங்கை, அய்யே அண்ணன். அம்மா என் போன் பேச்சைக் கேட்டுவிட்டு, "யாரடி அந்தப் பெரிய ஐயா, இவ்வளவு பயமில்லாமப் பேசுற?" என்று கேட்டது. தோட்டத்தில் ஐயா என்றால் ஆபிஸில் உட்கார்ந்திருப்பவர்.

ஒரு நாள் பிற்பகல் கார்டுப் பகுதி திடீரென்று நின்றுபோனது. சோதனைப் பகுதியை நிறுத்தப் போன யாரோ அதற்கு அடுத்த வரியில் இருந்த கார்டுப் பகுதியை நிறுத்திவிட்டார்கள். கடைகளில் சனம் கார்டைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சாமான்களைத் திருப்பி வைத்தது. நாங்கள் அவசரமாக அதை எழுப்பினோம். பிறகு விசாரணை வந்தது.

கன்சோலின் பதிவில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. என்ன நடந்தது, எப்போது நடந்தது, யார் செய்தது. யார் என்ற இடத்தில் அந்தப் பொதுப்பேர். அந்த நேரத்தில் அதே பேரில் வெளியே இருந்தும் சிலர் உள்ளே இருந்தார்கள். ஆனால் கன்சோலுக்கு முன்னால் இருந்த நாற்காலி அய்யேயுடையது.

"நான் பக்கத்து மேசையில போன் பேசிக்கிட்டு இருந்தேன். நான் அதைத் தொடல," என்றார் அவர்.

"அப்போ யாரு?" என்று கேட்டார்கள்.

"எனக்குத் தெரியாது."

"தெரியாது" என்று சொன்னதுதான் அவருக்குக் கெட்டது. அவரை இயந்திர அறையிலிருந்து எடுத்து, பழைய காந்த நாடாக்களை அடுக்கி வைக்கும் களஞ்சியத்துக்கு அனுப்பினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. "கொஞ்ச நாளைக்கு" என்றார்கள். அது நீண்டது. செய்தது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நான் அவரை நம்பினேன். ஆனால் எடுத்துக் காட்ட என் கையில் ஒன்றும் இல்லை. நம்பாதவர்கள் கையிலும் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

கன்சோலுக்குப் பேர்களைப் பிரிக்கும் வேலையை நானாகக் கேட்டு வாங்கியது அதற்குப் பிறகுதான். யாரும் போட்டிக்கு வரவில்லை. அலுப்பான வேலை, அத்தோடு எல்லாரிடமும் கெட்ட பேர் வாங்கித் தரும் வேலை. ஒவ்வொருவருக்கும் தனிப் பேர், தனிப் பாஸ்வேர்ட், அதற்கு மேல் போனில் வரும் ஒரு இலக்கம். அதோடு முடியாது. ஒருவர் என்ன செய்யலாம் என்பது ஒரு கேள்வி, எந்தப் பகுதியில் செய்யலாம் என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகத் தீர்மானிக்க வேண்டும். சோதனைப் பகுதியை நிறுத்த உரிமை உள்ளவருக்குக் கார்டுப் பகுதி கண்ணிலேயே படக்கூடாது. படாத பொருளைத் தவறுதலாகத் தொட முடியாதல்லவா.

மெனேஜர் முதலில் சந்தோஷப்பட்டார். தன்னுடைய பேரைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இதென்ன, எனக்குப் பார்க்க மட்டும்தானா?"

"ஆமா சேர்."

"இந்தப் பிரிவுக்கே நான்தான் பொறுப்பு."

"பொறுப்பு உங்களோடதுதான் சேர். ஆனா நீங்க எப்பவாவது ஒரு பகுதியை நிறுத்தியிருக்கீங்களா?"

"இல்லை."

"நிறுத்தணும்னு நினைச்சா யார்கிட்ட சொல்லுவீங்க?"

"உங்ககிட்டதான்."

"அப்போ அதே போதும் சேர்."

அவர் முகம் தொங்கிப்போனது. ஆனால் திருப்பிக் கேட்கவில்லை. அந்த மனிதரிடம் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

கொஞ்ச காலத்துக்குப் பிறகு ஆள் பற்றாக்குறையில் அய்யேயைத் திரும்ப இயந்திர அறைக்கு எடுத்தார்கள். நாட்டை விட்டுப் பலர் போய்க்கொண்டிருந்த காலம் அது. அவருக்கு முன்பிருந்த உரிமைகள் எல்லாவற்றையும் கொடுக்கும்படி எனக்குச் சொல்லப்பட்டது. அவரே எனக்குப் போன் எடுத்தார்.

"நங்கி, எனக்குப் பார்க்க மட்டும் தாங்க. அது போதும்."

"அய்யே, நீங்க அங்க வேலை செய்யணும்."

"வேலை செய்றேன். எதையாவது நிறுத்தணும்னா உங்களுக்கு எடுத்துச் சொல்றேன். நீங்க அங்க இருந்து செய்யுங்க."

வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்டபடியே செய்தேன். அதற்குப் பிறகு எங்கள் ஏற்பாடு அப்படியே ஓடியது. அவர் கொழும்பில் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து பார்ப்பார். நான் மலையிலிருந்து அழுத்துவேன். அவர் திரையில் எல்லாப் பொத்தான்களும் சாம்பல் நிறத்தில் கிடக்கும்.

ஒரு நாள் முற்பகலில் யாருக்கு என்ன உரிமை என்று சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தது.

"இது பூராவும் ஆளுங்க பேரா?"

"ஆமாம்மா. ஆளாளுக்கு ஒரு பேரு."

"பெரட்டு மாதிரி," என்றது அம்மா.

காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்தி, கண்டாக்கய்யா என்ற மேற்பார்வையாளர் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புவதைத்தான் பெரட்டு என்பார்கள். அம்மா அதில் வாழ்நாளின் பெரும்பகுதி நின்றிருக்கிறது, தன் பேரில் அல்ல. பெரியம்மா கல்யாணம் முடித்து டயகமவுக்குப் போனபோது அவளுடைய பேர் தோட்டத்துப் பதிவில் அப்படியே கிடந்தது. அம்மாவைப் புதிதாகப் பதிய அலைய வேண்டும் என்று, "அக்கா பேருதான் இருக்கே, அதுல நில்லு" என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மலையில் அம்மாவுக்கு அக்கா பேர்தான். "என் பேருல நான் ஒரு நா கூடக் கொழுந்து எடுத்ததில்ல," என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்லும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அதைக் கேட்டால் சிரிப்பு வராது.

அன்றைக்கு என்னையறியாமல் கேட்டுவிட்டேன். "உனக்குக் கோவமே வரலையாம்மா? இத்தனை வருஷ உழைப்பு. எந்த எடத்துலயும் நீ இல்ல."

அம்மா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

"மொதல்ல வந்துச்சு. அப்பறம் ஒங்க பெரியம்மா செத்துப் போனா. மறுவாரம் பெரட்டுல கண்டாக்கய்யா அவ பேரக் கூப்புட்டாரு. நான் 'இருக்கேங்கய்யா'ன்னேன். அப்ப நெனச்சேன், இந்த ஒலகத்துல அவளத் தெனமும் கூப்புடுறது இவரு ஒருத்தருதான்னு. அதுக்கப்பறம் மாத்தச் சொல்லி நான் கேக்கல."

பேர் என்றால் பொறுப்பு, பேர் என்றால் நியாயம் என்று என் மனதில் நான் நேராக அடுக்கி வைத்திருந்ததை அம்மா ஒரே மூச்சில் கலைத்துவிட்டுத் காலியான தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இன்றைக்கும் அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அது சரி என்று சொல்ல முடியவில்லை. பிழை என்றும் சொல்ல முடியவில்லை.

பெருமழை வந்தது அந்த வருஷக் கடைசியில். இரண்டு மூன்று நாளாக விடாமல் அடித்தது. எங்கள் பக்கம் ஹட்டனுக்குப் போகும் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. கரண்ட் இல்லை. மடிக்கணினியில் இருந்த சார்ஜும், ஜன்னலோரம் எதிர் மலை போன் கோபுரத்தைப் பார்த்து வைத்திருந்த, பெட்டரியில் ஓடும் சின்ன ரௌட்டரும்தான் என்னிடம் இருந்தவை.

காலை பத்து மணிபோல அய்யே போன் எடுத்தார். கொழும்பிலும் வெள்ளம். அவருக்கு மாற்றாக வர வேண்டியவர் வரவில்லை. கட்டடத்தில் எங்கள் பிரிவில் அவர் மட்டும்தான்.

"நங்கி, கீழ்மாடிக்குத் தண்ணி வந்துட்டுது. குளிரூட்டி நின்னுட்டுது. அறை சூடேறுது."

சூடு கூடினால் இயந்திரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பட்டென்று நின்றுவிடும். அப்படி நின்றால் உள்ளே பாதியில் இருக்கும் கொடுக்கல் வாங்கல்கள் எல்லாம் பாதியிலேயே நிற்கும். அதற்கு முன்னால் பகுதிகளை ஒவ்வொன்றாக, வரிசைப்படி நிறுத்த வேண்டும். பிறகு வேறு ஊரில் இருக்கும் மாற்று இயந்திரம் வேலையை எடுத்துக்கொள்ளும். இதைச் செய்ய உரிமை இருந்தது எனக்கும் இன்னொருவருக்கும்தான். அந்த இன்னொருவரின் வீடும் தண்ணீரில். அவருடைய போனில் மணியே அடிக்கவில்லை.

நான் உள்ளே போனேன். முதல் பகுதியைத் தேடி எடுப்பதற்குள் தொடர்பு அறுந்தது. மறுபடி பேர், பாஸ்வேர்ட், இலக்கம். மறுபடி அறுந்தது. அம்மா ரௌட்டரைத் தூக்கி வாசலோரம் கொண்டுபோய், கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் ரப்பர் சீட்டைச் சாரலுக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு நின்றது. சிக்னல் கொஞ்சம் பிடித்தது.

எனக்கு ஒன்று புரிந்தது. இந்தத் தொடர்பை நம்பி நீண்ட வேலை ஒன்றைத் தொடங்க முடியாது. ஒரு சின்ன வேலையை மட்டும் முடிக்கலாம். அந்தச் சின்ன வேலை, அய்யேயின் உரிமையை மாற்றுவது.

அதை நான் தனியாகச் செய்யக்கூடாது என்று விதி எழுதியதும் நான்தான். மெனேஜருக்குப் போன் எடுத்தேன்.

"அவருக்கா?" என்றார். "ஏற்கெனவே ஒரு தடவை அவர்..." என்று இழுத்தார்.

"அது அவர்தான்னு யாருக்கும் தெரியாது சேர்."

"வேற வழி இல்லையா?"

"இருக்கு. மெசின் தானா நிக்கிற வரைக்கும் பார்த்துக்கிட்டு இருக்கலாம்."

மழைச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது. "கொடுங்க," என்றார். "நான் சொல்லித்தான் கொடுத்தீங்கன்னு என் பேரைப் போட்டு எழுதுங்க."

உள்ளே போய், அய்யேயின் பேரை எடுத்து, நிறுத்தும் உரிமையைச் சேர்த்து, அழுத்தினேன். மாறிவிட்டது என்று திரை சொல்வதற்குள் தொடர்பு போய்விட்டது. அதற்குப் பிறகு அது வரவே இல்லை. போனில் குரல் மட்டும் கேட்டது.

"அய்யே, உங்களுக்கு உரிமை குடுத்திருக்கேன். வெளியே வந்து மறுபடி உள்ளே போங்க. வரிசையை நான் சொல்றேன்."

பின்னால் எச்சரிக்கை ஒலி விட்டுவிட்டு அடிப்பது கேட்டது.

"நங்கி, உங்க பாஸ்வேர்டைச் சொல்லுங்க. உங்க போன்ல வர்ற இலக்கத்தையும் வாசிங்க. நான் உங்க பேர்ல போய்ச் செஞ்சிடுறேன்."

"அது முடியாது."

"இப்ப சட்டம் பேசுற நேரமா?"

"சட்டத்துக்காகச் சொல்லல அய்யே."

"ஏதாவது பிழையாப் போனா இந்தத் தடவை களஞ்சியம் இல்ல, வீடுதான். எனக்கு இன்னும் பிள்ளைகள் படிக்குது." அவ்வளவு காலத்தில் அவர் அந்த விஷயத்தைப் பற்றி என்னிடம் வாய் திறந்தது அப்போதுதான்.

சொல்லிவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. சொன்னால் உடனே முடிந்துவிடும். யாருக்கும் தெரியவும் தெரியாது. ஆனால் அந்தப் பொதுப்பேரில் அவர் பட்டது என் கண் முன்னால் நடந்தது.

"பிழைச்சா என் பேர்ல பிழைக்கட்டும்னு நினைக்கிறீங்க. சரியா முடிஞ்சா? அதுவும் என் பேர்லதான் முடியும். நீங்க அங்க இருந்ததுக்கு ஒரு அடையாளமும் இருக்காது. அன்னைக்கு நீங்க இல்லைன்னு காட்ட நம்மகிட்ட ஒண்ணும் இருக்கல. இன்னைக்கு நீங்கதான்னு காட்டவும் ஒண்ணும் இல்லாமப் போகணுமா?"

நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "நான் போனை வைக்க மாட்டேன். திரையில இருக்கிறதை நீங்க வாசிங்க, நான் கேட்கிறேன். ரெண்டு பேரும் சரின்னு சொன்ன பிறகு அழுத்துங்க. பிழைச்சா ரெண்டு பேரும்தான் பதில் சொல்லணும்."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. தட்டச்சு செய்யும் சத்தம். பிறகு அவர் சொன்னார்: "பொத்தான் எல்லாம் வெளிச்சமா இருக்கு."

நான் அழுத்தியது பதிந்திருந்தது.

சோதனைப் பகுதியிலிருந்து தொடங்கினோம். அவர் பகுதியின் பேரை எழுத்தெழுத்தாக வாசிப்பார். நான் திருப்பிச் சொல்வேன். அவர் இன்னொரு தடவை வாசிப்பார். பிறகுதான் அழுத்துவார். கார்டுப் பகுதி வந்தபோது நிறுத்தினார். "பொறுங்க நங்கி, கண்ணாடியைத் துடைச்சுக்கிறேன்," என்றார். துடைத்தார். வாசித்தார். நான் சொன்னேன். அழுத்தினார். கடைசியாகக் கிளைகளின் பகுதியும் நின்ற பிறகு இயந்திரத்தின் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னேன். அந்த அறையில் எப்போதும் ஒரு இரைச்சல் இருக்கும். அங்கே வேலை செய்தவர்களுக்கு அது காதில் விழாமலே பழகிவிடும். அது மெல்லத் தணிந்து இல்லாமல் போவது போனில் எனக்குக் கேட்டது.

"சத்தம் நின்னுட்டுது," என்றார்.

"சரி அய்யே. படியேறி மேலே போங்க. தண்ணி வரமுன்ன போங்க."

மாற்று இயந்திரம் எழுந்துகொண்டது என்று மெனேஜர் பிறகு செய்தி அனுப்பினார். கொடுக்கல் வாங்கல் எதுவும் தொலையவில்லை. அம்மா ரௌட்டரைக் கீழே வைத்துவிட்டு, நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே, "சாவி குடுத்தாச்சா?" என்று கேட்டது. "குடுத்தாச்சு," என்றேன்.

மழை விட்டு ரோடு திறந்த பிறகு கூட்டம் வைத்தார்கள். நானும் பஸ் பிடித்துப் போயிருந்தேன். கன்சோலின் பதிவை ஒருவர் சத்தமாக வாசித்தார். ஒவ்வொரு வரியிலும் அய்யேயின் பேர். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மெனேஜர் எழுந்து நன்றி சொன்னார். கைதட்டினார்கள். பழைய விஷயத்தை யாராவது எடுப்பார்கள், அன்றைக்கு உங்களுக்கு அநியாயம் செய்துவிட்டோம் என்று யாராவது ஒருவர் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவர்களிடமும் ஒன்றும் இல்லைதான். புதிய பதிவு பழைய பதிவைத் திருத்தாது.

வெளியே வந்து நிற்கும்போது அவரே சொன்னார்: "யாராவது ஏதாவது சொல்லுவாங்கன்னு பார்த்தேன்."

"நானும்தான் பார்த்தேன் அய்யே."

"பரவாயில்ல," என்றார். "அந்த உரிமையை நீங்க எடுத்துடுவீங்கதானே?"

"அவசரத்துக்குக் குடுத்தது. எடுக்கத்தான் வேணும். வேணும்னா முறையாக் கேளுங்க."

அடுத்த வாரம் முறையான விண்ணப்பம் வந்தது. மெனேஜர் ஏற்கெனவே அனுமதித்திருந்தார். எதற்காக இந்த உரிமை தேவை என்று கேட்ட இடத்தில் அய்யே, "என் வேலையைச் செய்ய" என்று மட்டும் எழுதியிருந்தார். கொடுத்தேன்.

இப்படிப்பட்ட நாட்களுக்கென்று ஒரு நடைமுறையை எழுதித் தரும்படி மெனேஜர் கேட்டார். கட்டடத்துக்குள் எப்போதும் உரிமையுள்ள ஒருவராவது இருக்க வேண்டும், தொலைவிலிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஒருவர் வாசிக்க மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் எழுதினேன். எந்த அவசரத்திலும் ஒருவர் பேரில் இன்னொருவர் உள்ளே போகக்கூடாது என்பதையும் சேர்த்தேன். அவர் வாசித்துவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் வெட்டித் திருப்பி அனுப்பினார்.

போன் எடுத்துக் கேட்டேன். "அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே, எதுக்கு எழுதணும்?" என்றார்.

"தெரியும் சேர். ஆனா அவசரத்துல பாஸ்வேர்டைக் கேட்பாங்க. கேட்கிறவங்களுக்கு ஒரு நியாயமும் இருக்கும். அந்த நேரத்துல இல்லைன்னு சொல்ல, சொல்றவங்களுக்கு ஏதாவது ஒண்ணு எழுத்துல இருக்கட்டும்."

"சரி, இருக்கட்டும்," என்றார்.